பேட்டரியில் ஓடும் ஆள் இருப்பு, வெப்பநிலை சென்சார்கள்: அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஒரு சின்ன வெப்பநிலை சென்சாருக்குள் இருக்கும் சிஆர்2032 காயின் செல்லின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி. ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். வகுத்துப் பார்த்தால், அந்த செல் ஒரு வருடம் தாங்குவதற்கு சென்சார் சராசரியாக 25 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒரு சாதாரண எல்இடி விளக்கு எரிவதற்கே இதைப் போல நூறு மடங்குக்கு மேல் வேண்டும்.

அதனால் பேட்டரி சென்சார் தன் காலத்தின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கிறது. நாம் அனுப்பும் கட்டளை உடனே போய்ச் சேராதது, "ஆள் இல்லை" என்று தாமதமாகத் தெரிவது, வெப்பநிலை வரைபடம் படிக்கட்டு போலத் தெரிவது எல்லாம் பெரும்பாலும் இந்தத் தூக்கத்தின் விளைவுதான், பழுது அல்ல. சென்சாரை எதற்கு எழுப்புவது, எதற்கு எழுப்பாமல் விடுவது என்பதை முடிவு செய்வதுதான் கீழே வரும் எல்லாப் படிகளின் வேலை. கணக்குப் போடும் வேலை, காத்திருக்கும் வேலை எல்லாவற்றையும் மின் இணைப்பில் இருக்கும் ஹப்பிடம் (எல்லா சென்சார்களின் செய்தியையும் வாங்கும் மையச் சாதனம்) தள்ளிவிடுங்கள். சென்சார் பார்த்ததைச் சொன்னால் போதும்.

படி 1: தேவை அசைவா, இருப்பா?

இரண்டும் ஒன்றல்ல. கடையில் "ஆள் இருப்பு சென்சார்" என்று விற்கப்படும் பலவும் உண்மையில் அசைவு சென்சார்கள்தான்.

பிஐஆர் வகை சென்சார் தானாக எதையும் வெளியே அனுப்புவதில்லை. தன் மேல் விழும் அகச்சிவப்புக் கதிரில் மாற்றம் ஏற்படுகிறதா என்று மட்டும் கவனிக்கும். முன்னால் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் லென்ஸ் அறையைப் பல கீற்றுகளாகப் பிரிக்கிறது. உடல் ஒரு கீற்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகும்போது சிக்னல் கிடைக்கிறது. சும்மா உட்கார்ந்து புத்தகம் படிப்பவர் அதன் கணக்கில் அறையிலேயே இல்லை. ஆனால் சில மைக்ரோ ஆம்பியரிலேயே ஓடிவிடும் என்பதால் பேட்டரிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

எம்எம்வேவ் ரேடார் வேறு வகை. 24 அல்லது 60 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும். மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்குவதைக்கூடப் பிடித்துவிடும். அதற்குக் கொடுக்கும் விலை மின்சாரம்தான். 24 கிகாஹெர்ட்ஸ் சிறு ரேடார் தொகுதிகளில் பரவலாகப் புழங்குவது 80 மில்லி ஆம்பியர் அளவில் எடுக்கும். 600 மில்லி ஆம்பியர் மணி கொண்ட சிஆர்2450 செல்லில் அதை விடாமல் ஓட்டினால் எட்டு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால் ரேடார் சென்சார்கள் பெரும்பாலும் யுஎஸ்பி மின்சாரத்தில்தான் வருகின்றன.

பேட்டரியில் ஓடும் ரேடார் சென்சார்கள் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கின்றன. பிஐஆர் காவல் இருக்கும். அசைவு தெரிந்ததும் ரேடாரை எழுப்பும். ரேடார் அவ்வப்போது மட்டும் கண் விழித்து "இன்னும் ஆள் இருக்கிறாரா" என்று பார்த்துவிட்டு மறுபடி தூங்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் பிஐஆர் பார்க்காத கோணத்தில் ஒருவர் மெதுவாக உள்ளே வந்தால் ரேடாருக்கு வேலையே வராது. எங்கே பொருத்துவது என்பதை யோசிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

என் கணிப்பு இது: நடைவழி, மாடிப்படி, சாமான் அறை, அலமாரி உள்பக்கம் ஆகிய இடங்களுக்கு வெறும் பிஐஆர் போதும். குளியலறைக்கு பிஐஆரோடு கதவு சென்சார் ஒன்று. படிப்பு மேசை, சோபா, படுக்கை போன்ற அசையாமல் இருக்கும் இடங்களுக்கு ரேடார் வேண்டும். அங்கே அருகில் மின் இணைப்பு இருந்தால் பேட்டரியை மறந்துவிட்டு யுஎஸ்பி ரேடாரையே வாங்குங்கள்.

படி 2: எந்த வலையமைப்பு

சுருக்கமாக முடித்துவிடலாம். பேட்டரி சென்சாருக்கு வைஃபை ஒத்து வராது. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் இணைப்பைப் புதுப்பிப்பதற்கே நிறைய மின்சாரம் போய்விடும். மணிக்கு ஒரு தடவை வெப்பநிலை சொன்னால் போதும் என்ற இடத்தில் மட்டும் சரி. ஜிக்பீயும் த்ரெட்டும் 802.15.4 என்ற ஒரே ரேடியோ தரத்தில் ஓடுபவை, குறைந்த மின்சாரத்துக்காகவே வடிவமைக்கப்பட்டவை. இசட்-வேவ் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடுவதால் சுவர்களைக் கொஞ்சம் நன்றாகவே ஊடுருவும். நாட்டுக்கு நாடு அலைவரிசை மாறும் என்பதால் உங்கள் நாட்டுக்குரியதைப் பார்த்து வாங்க வேண்டும். ப்ளூடூத் வெப்பமானிகள் தங்கள் அளவீட்டைக் காற்றில் ஒலிபரப்பிவிட்டுத் தூங்கிவிடுபவை. கேட்பதற்கு அறைக்குப் பக்கத்தில் ஒரு ப்ளூடூத் ஏற்பி வேண்டும். ஈஎஸ்பி32 என்ற சிறு மின்னணுப் பலகை ஒன்றை, கேட்டதை ஹப்புக்குக் கடத்தும் ப்ராக்ஸியாக வைத்தாலே போதும்.

கீழே பெரும்பாலும் ஜிக்பீயை வைத்துச் சொல்கிறேன். த்ரெட் வழியே மேட்டர் (பல கம்பெனிச் சாதனங்களுக்கான பொதுத் தரம்) சென்சார் வைத்திருப்பவர்களுக்கும் இடம், நேரம், அளவுத் திருத்தம் பற்றிய படிகள் அப்படியே பொருந்தும்.

படி 3: சென்சாரைத் தொடும் முன் வலையைச் சரி செய்யுங்கள்

பலர் தலைகீழாகச் செய்யும் படி இது. பத்து சென்சார்களை இணைத்து முடித்துவிட்டு, பிறகு ஜிக்பீ ஓடும் சானலை (அலைவரிசைப் பிரிவை) மாற்றுவார்கள். சானல் மாறும் அறிவிப்பு வரும் நேரத்தில் பேட்டரி சென்சார்கள் தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றில் சில பழைய சானலிலேயே நின்றுபோய், ஒவ்வொன்றாக மீண்டும் இணைக்க வேண்டியதாகிவிடும். அதனால் சானலை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை 16 சானல்கள். எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸில், வைஃபையின் மேலேயே விழுகின்றன. வைஃபை 1, 6, 11 ஆகிய மூன்று சானல்களும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடினால், ஜிக்பீ 15 என்பது வைஃபை 1க்கும் 6க்கும் நடுவிலுள்ள இடுக்கில் விழும். 20 அடுத்த இடுக்கில். 25 மூன்றுக்கும் மேலே. எனவே 15, 20, 25 ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். 26 இன்னும் சுத்தமாக இருக்கும். ஆனால் சில சாதனங்கள் அந்தச் சானலில் குறைந்த சக்தியில்தான் அனுப்பும், சில அதில் இணையவே மாட்டா. வைஃபை ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று நிலையாக வைத்துவிடுங்கள். அது தானாகவே 40க்குத் தாவினால் இந்த இடுக்குகள் எல்லாம் மூடிப்போகும்.

ஹப்புக்காகக் கணினியில் செருகும் யுஎஸ்பி டாங்கிள் (சிறு ஜிக்பீ ரேடியோ) வைத்திருந்தால், கணினியில் நேராகச் செருகாதீர்கள். யுஎஸ்பி 3.0 துறைகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்புபவை. ஒரு மீட்டர் நீட்டிப்பு கேபிள் போட்டு டாங்கிளைத் தள்ளி வையுங்கள். "சென்சார் அடிக்கடி காணாமல் போகிறது" என்ற புகார்களில் கணிசமானவை இந்த ஒரு கேபிளில் தீர்ந்துவிடும்.

அப்புறம் ரூட்டர்கள். ஜிக்பீயில் மின் இணைப்பில் இருக்கும் பிளக்கும் சுவிட்சும் பெரும்பாலும் ரூட்டர்களாக, அதாவது மற்றவற்றின் செய்தியை வாங்கிக் கடத்துபவையாகச் செயல்படும். பேட்டரி சாதனம் ஒருபோதும் ரூட்டராக இருக்காது. அது ஏதாவது ஒரு ரூட்டரையோ ஹப்பையோ தன் பெற்றோராக வைத்துக்கொண்டு அதனிடம் மட்டுமே பேசும். எனவே முதலில் ஸ்மார்ட் பிளக்குகளை அவை இருக்கப்போகும் இடங்களில் வைத்து, ஹப்புக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி வெளியே போகும் வரிசையில் இணையுங்கள். ஸ்மார்ட் பல்புகளை ரூட்டராக நம்பாதீர்கள். யாராவது சுவர் சுவிட்சை அணைத்த நிமிடமே அதன் கீழிருக்கும் சென்சார்கள் அநாதைகளாகிவிடும். சில மாடல்கள் உடனே வேறு பெற்றோரைத் தேடிக்கொள்ளும். சில பிடிவாதமாக அப்படியே இறந்து கிடக்கும்.

படி 4: இடம் பார்த்தல்

முதலில் நீக்கக்கூடிய ஒட்டுநாடாவில் தற்காலிகமாக ஒட்டிப் பாருங்கள். சென்சாருடன் வரும் பசையை ஒரு வாரம் கழித்துப் பயன்படுத்தினால் போதும்.

பிஐஆருக்கு 2 முதல் 2.5 மீட்டர் உயரம், அறை மூலை, சற்றுக் கீழ்நோக்கிய சாய்வு பொதுவாகச் சரியாக வரும். முக்கியமானது திசை. சென்சாரை நோக்கி நேராக நடந்து வருபவர் ஒரே கீற்றுக்குள்ளேயே நீண்ட நேரம் இருப்பதால் தாமதமாகத்தான் தெரிவார். குறுக்கே நடப்பவர் உடனே தெரிவார். எனவே நடைவழியின் முனையில் நேராகப் பார்க்க வைப்பதைவிட, பக்கச் சுவரில் குறுக்கே பார்க்க வைப்பது மேல். ஜன்னல் வெயில், ஏசி காற்று வரும் வாய், அடுப்பு ஆகியவை பார்வையில் படக் கூடாது. கண்ணாடி உடல் வெப்பக் கதிரை மறைக்கும் என்பதால் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருப்பவர் தெரியமாட்டார். இன்னொன்று: அறை வெப்பநிலை தோலின் வெப்பநிலையை நெருங்க நெருங்க பிஐஆர் எட்டும் தூரம் குறையும். உச்சி வெயில் காலத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் "சென்சார் மந்தமாகிவிட்டது" என்று தோன்றினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

பார்க்கத் தேவையில்லாத பகுதியை மறைக்க லென்ஸின் மேல் மின்காப்பு நாடாவை ஒட்டினாலே போதும். திறந்திருக்கும் கதவு வழியே ஹாலைப் பார்த்து விழிக்கும் சென்சாருக்கும், தரையில் திரியும் பூனைக்கும் இதுவே தீர்வு. மென்பொருளில் உணர்திறனைக் குறைப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் மீதி இடத்தில் முழு உணர்திறனும் அப்படியே இருக்கும்.

ரேடாருக்கு வேறு கவலைகள். மெல்லிய பலகை, ஜிப்சம் தடுப்பு, திரைச்சீலை எல்லாவற்றையும் அது ஊடுருவும். பக்கத்து அறையில் நடப்பவரையும் எண்ணும், சுழலும் விசிறியையும் ஆடும் திரையையும் ஆளாக எடுத்துக்கொள்ளும். அறையின் நீளத்தை அளந்து, எட்டும் தூரத்தை அதற்கு அரை மீட்டர் குறைவாக வைத்து ஆரம்பியுங்கள். பேட்டரி மாடலில் தேவையற்ற ஒவ்வொரு விழிப்பும் ஆயுளைத் தின்னும் என்பதால் இது வெறும் துல்லியப் பிரச்சினை மட்டுமல்ல.

வெப்பநிலை சென்சாரை 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், வீட்டின் உட்சுவரில், காற்றோட்டம் இருக்கும் இடத்தில் வையுங்கள். வெளிச்சுவர் வெயிலில் சூடேறி இரவு வரை அந்தச் சூட்டை வைத்திருக்கும். அதில் ஒட்டிய சென்சார் காற்றைவிடச் சுவரைத்தான் அளக்கும். வேறு வழியில்லை என்றால் சென்சாருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் தடிமனில் நுரைத்துண்டு வையுங்கள்.

இங்கே ஒரு முரண்பாடு வரும். ஆள் இருப்பையும் வெப்பநிலையையும் ஒரே பெட்டிக்குள் தரும் சென்சார்கள் நிறைய. பிஐஆருக்கு வேண்டியது கூரையை ஒட்டிய மூலை. வெப்பமானிக்கு அதைவிட மோசமான இடம் இல்லை, சூடான காற்று அங்கேதான் தேங்கும். அந்த மாதிரிப் பெட்டியின் வெப்பநிலையை "அறை எவ்வளவு மாறுகிறது" என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். ஏசியை இயக்கும் முடிவுக்குத் தனி வெப்பமானி ஒன்று வைப்பதே நல்லது.

படி 5: இணைத்தல்

சென்சாரை அது இருக்கப்போகும் இடத்திலேயே இணையுங்கள். அப்போதுதான் அருகிலுள்ள ரூட்டரைப் பெற்றோராக எடுத்துக்கொள்ளும். ஹப்புக்குப் பக்கத்தில் வைத்து இணைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போனால், சில மாடல்கள் பழைய பெற்றோரையே எட்டிப் பிடிக்கப் பார்த்துப் பேட்டரியைக் கரைக்கும்.

இணைக்கும்போது ஹப், சென்சாரிடம் நீ யார், உன்னால் என்ன முடியும் என்று வரிசையாகக் கேள்வி கேட்கும். பேட்டரி சென்சார் நடுவிலேயே தூங்கிவிடலாம். அப்போது பெயர் மட்டும் வந்து அளவீடுகள் வராமல் அரைகுறையாக நிற்கும். இணைப்பு முடியும் வரை சென்சாரின் பொத்தானை ஓரிரு விநாடிக்கு ஒரு முறை லேசாகத் தட்டிக்கொண்டே இருங்கள். நீண்ட அழுத்தம் வேண்டாம்; அது பெரும்பாலான மாடல்களில் இணைப்பையே அழித்துவிடும்.

பெயர் வைக்கும்போது மாடல் எண் வேண்டாம். "குளியலறை ஈரப்பதம்", "மாடிப்படி அசைவு" என்று இடத்தையும் வேலையையும் சேர்த்து வையுங்கள். நாளை சென்சார் செத்து, வேறு கம்பெனி சென்சாரை அதே பெயரில் வைத்தால் ஆட்டோமேஷன் (தானாக ஓடும் விதி) எதையும் தொட வேண்டியிருக்காது.

படி 6: எப்போது சொல்ல வேண்டும்

வெப்பநிலை சென்சாரின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்தப் படிதான். ஜிக்பீயில் அறிக்கை அனுப்புவதற்கு மூன்று எண்கள் உண்டு: இரண்டு அறிக்கைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி, எதுவும் மாறாவிட்டாலும் அனுப்ப வேண்டிய அதிகபட்ச இடைவெளி, எவ்வளவு மாறினால் அனுப்புவது என்ற அளவு. ஜிக்பீ சாதனங்களை நிர்வகிக்கும் மென்பொருளான ஜிக்பீ2எம்க்யூடிடியில் ஒவ்வொரு சாதனத்தின் பக்கத்திலும் இவற்றை மாற்றலாம். வெப்பநிலை டிகிரியின் நூறில் ஒரு பங்காகப் போகும் என்பதால் அரை டிகிரி மாற்றத்துக்கு 50 என்று எழுத வேண்டும். ஈரப்பதமும் அப்படியே, 2 சதவீதத்துக்கு 200.

படுக்கை அறை, ஹால் போன்றவற்றுக்குக் குறைந்தபட்சம் 60 விநாடி, அதிகபட்சம் 3,600 விநாடி, மாற்றம் 0.3 டிகிரி என்று வைத்தால் எதுவும் குறையாது. 0.1 டிகிரி என்று வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், வரைபடம் வழவழப்பாக இருக்குமே என்று. இந்தச் சாதனங்களில் வரும் நல்ல சில்லுகளில் ஒன்றான சென்சிரியான் எஸ்எச்டி40க்கே வழக்கமான துல்லியம் ±0.2 டிகிரிதான். அதற்குக் கீழே போகும் ஏற்ற இறக்கத்துக்காக ரேடியோவை எழுப்புவது வீண்.

குளியலறை ஈரப்பதத்துக்கு மட்டும் விதிவிலக்கு. வெளியேற்றும் விசிறி, நீராவி ஏறும்போது ஓட வேண்டும். ஏறி முடிந்த பிறகு ஓடிப் பயனில்லை. அங்கே 10 விநாடி, 2 சதவீதம் என்று வையுங்கள். பேட்டரி சீக்கிரம் தீரும், பரவாயில்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்ததற்கு நேர் எதிர்: 1 டிகிரி மாற்றம் போதும்.

இப்போது எல்லோரையும் எரிச்சலூட்டும் சிக்கல். மாற்றிய எண்களைச் சேமிக்கிறீர்கள், "சாதனம் பதிலளிக்கவில்லை" என்று பிழை வருகிறது. தூங்கும் சாதனத்துக்கான செய்தியை அதன் பெற்றோர் வைத்திருந்து, அது விழித்துக் கேட்கும்போது கொடுக்கும். ஜிக்பீயில் அப்படி வைத்திருக்கும் வழக்கமான நேரம் 7.68 விநாடி. அதற்குள் சென்சார் விழிக்கவில்லை என்றால் செய்தி குப்பைக்குப் போய்விடும். எனவே சென்சாரின் பொத்தானை ஒரு முறை தட்டிவிட்டு உடனே சேமியுங்கள். பிறகு பக்கத்தைப் புதுப்பித்து, மாற்றம் நிஜமாகவே பதிவானதா என்று பாருங்கள். இசட்-வேவில் இந்தத் தொல்லை குறைவு. மாற்றங்கள் வரிசையில் காத்திருந்து, சென்சார் அடுத்து விழிக்கும்போது தாமாகப் போகும். பல மணி நேரம் ஆகலாம், அவ்வளவுதான்.

சில தயாரிப்பாளர்களின் சென்சார்கள் இந்த மூன்று எண்களையும் கண்டுகொள்ளாமல் தம் இஷ்டப்படியே அனுப்பும். இரண்டு முறை முயன்றும் மாறவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அது உங்கள் தவறல்ல.

படி 7: "ஆள் இல்லை" என்று எப்போது முடிவு செய்வது

ஆள் வந்ததைச் சொல்வது எளிது. போனதைச் சொல்வதுதான் கடினம், ஏனென்றால் பிஐஆருக்கு "போனார்" என்ற தகவலே கிடையாது. அசைவு தெரியவில்லை என்பதுதான் அதற்குத் தெரியும்.

இதில் இரண்டு நேரங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, சென்சார் ஒரு முறை அசைவைச் சொன்னபின் மறுபடி பார்க்காமல் கண்ணை மூடியிருக்கும் நேரம். பேட்டரியைக் காப்பாற்றவே இது. சில பிரபல மாடல்களில் 60 விநாடி. இரண்டு, கடைசி அசைவுக்குப் பிறகு "இல்லை" என்று அறிவிக்கும் வரை காத்திருக்கும் நேரம். இரண்டாவது முதலாவதைவிடக் கண்டிப்பாக நீளமாக இருக்க வேண்டும். கண் மூடும் நேரம் 60 விநாடியாக இருக்கும்போது காத்திருப்பை 30 விநாடி என்று வைத்தால், ஆள் அறைக்குள் கைவீசி நடந்துகொண்டிருக்கும்போதே விளக்கு அணையும். 60க்கு 90 என்பது பாதுகாப்பான இடைவெளி.

சில சென்சார்கள் "இல்லை" என்ற செய்தியை அனுப்புவதே இல்லை. ஹப் தானே நேரம் எண்ணி மாற்றிக்கொள்கிறது. உங்களுடையது எந்த ரகம் என்று பதிவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் சென்சாரில் 5 நிமிடம், ஆட்டோமேஷனில் 10 நிமிடம் என்று வைத்தால் இரண்டும் கூடி 15 நிமிடம் ஆகும். சென்சாரில் அது அனுமதிக்கும் மிகச் சிறிய காத்திருப்பை வைத்து, மீதியை ஆட்டோமேஷனில் வையுங்கள். அப்போது பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று மாற்றவும் முடியும். நெரிசலான நடைவழியில் மட்டும் கண் மூடும் நேரத்தைக் கூட்டினால் பேட்டரி நன்றாக மிச்சமாகும்.

ஆட்டோமேஷன் பக்கத்துக் காத்திருப்புக்கு இந்த அளவில் ஆரம்பிக்கலாம்: நடைவழி, மாடிப்படிக்கு ஒன்றரை நிமிடம், சமையலறைக்கு 5, ஹாலில் வெறும் பிஐஆர் என்றால் 15 முதல் 20, ரேடார் இருந்தால் ஒரு நிமிடமே போதும்.

குளியலறைக்கு நேரத்தை நீட்டிக்கொண்டே போவதைவிட ஒரு சின்னத் தர்க்கம் அழகாக வேலை செய்யும். கதவு மூடிய பிறகு உள்ளே ஒரு அசைவு தெரிந்தால், கதவு திறக்கும் வரை உள்ளே ஆள் இருக்கிறார். வெளியேற வேறு வழி இல்லையே. கதவு திறந்ததும் சாதாரண நேரக் கணக்குக்குத் திரும்பலாம். கதவு சென்சாரும் பேட்டரியில் ஓடுவதுதான், திறந்து மூடும்போது மட்டும் பேசுவதால் மிகச் சிக்கனமானது. கதவை மூடிய கையின் அசைவையே உள்ளே இருக்கும் ஆளாக எண்ணிவிடாமல் இருக்க, மூடிய பின் சில விநாடி விட்டுக் கணக்கெடுங்கள்.

ரேடாரும் பிஐஆரும் சேர்ந்த மாடலில் எது வழியே கண்டறிவது என்று தேர்வு செய்ய வசதி இருந்தால், இரண்டும் என்பதை வையுங்கள். ரேடார் மட்டும் என்றால் பேட்டரி அடிவாங்கும். அமைத்த பிறகு நாற்காலியில் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். அறையைக் காலியாக விட்டு, விசிறியை முழு வேகத்தில் ஓட விட்டும் பாருங்கள். முதல் சோதனையில் தோற்றால் உணர்திறனைக் கூட்டுங்கள். இரண்டாவதில் தோற்றால் முதலில் இடத்தை மாற்றுங்கள்.

படி 8: அளவுத் திருத்தம்

எல்லா வெப்பநிலை சென்சார்களையும் ஒரே மேசையில், கைபடாமல், சில மணி நேரம் ஒன்றாக வையுங்கள். அருகில் நீங்கள் நம்பும் ஒரு வெப்பமானி இருக்கட்டும். வித்தியாசத்தைக் குறித்து ஹப்பில் திருத்த மதிப்பாகப் போடுங்கள். நம்பகமான வெப்பமானி இல்லை என்றால் எல்லா சென்சார்களின் நடுமதிப்பை எடுத்து மற்றவற்றை அதற்கு ஒத்துவர வையுங்கள். அறைக்கு அறை ஒப்பிடுவதற்கு அது போதும்.

ஈரப்பதத்தைச் சோதிக்கச் சமையல் உப்பே போதும். சிறு மூடியில் உப்பை எடுத்து, கரைந்துவிடாமல் ஈர மணலாக நிற்கும் அளவுக்குச் சில துளி தண்ணீர் விடுங்கள். அதையும் சென்சாரையும் காற்றுப் புகாத டப்பாவில், ஒன்றையொன்று தொடாமல் வைத்து மூடுங்கள். 25 டிகிரி அறை வெப்பநிலையில் டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் போய் நிற்கும். ஓர் இரவு விட்டுவிட்டுக் காலையில் படித்துப் பாருங்கள். இடையில் வெயிலோ ஏசியோ டப்பா மேல் பட்டால் கணக்கு கெடும்.

வெப்பநிலையை முதலில் திருத்துங்கள், ஈரப்பதத்தைப் பிறகு. காரணம் இருக்கிறது. அறை வெப்பநிலையில் காற்று 1 டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி 6 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது. எனவே சென்சார் பெட்டி அறையைவிட 1 டிகிரி சூடாக இருந்தால், 50 சதவீத ஈரப்பதத்தை 47 என்று காட்டும். ஹப்பில் வெப்பநிலையைத் திருத்தினாலும் ஈரப்பதம் தானாகத் திருந்தாது. அதற்குத் தனித் திருத்தம் வேண்டும். பெட்டி சூடாவது சென்சார் ஒட்டிய இடத்தினால் என்றால், திருத்தத்தை விட்டுவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

படி 9: ஆட்டோமேஷனில் கவனிக்க வேண்டியவை

வெப்பநிலைக்கு ஒரே எல்லைக்கோடு போடாதீர்கள். 27 டிகிரியில் விசிறி ஓடு, 27க்குக் கீழே நில் என்றால், 26.9க்கும் 27.1க்கும் நடுவே அது பித்துப் பிடித்து ஆடும். ஓட 27.5, நிற்க 26.5 என்று இடைவெளி விடுங்கள். ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டு ஆட்டோமேஷன் மென்பொருளில் எல்லை மதிப்புக்கான ஹெல்பரிலேயே (துணை அமைப்பு) இந்த இடைவெளியைக் கொடுக்கலாம்.

குளியலறை விசிறியை "ஈரப்பதம் 70க்கு மேல்" என்று கட்டினால் மழைக்காலத்தில் நாள் முழுக்க ஓடும். வீட்டின் மற்ற அறைகளின் சராசரியைவிட 10 அல்லது 15 சதவீதம் கூடுதல் என்று ஒப்பிடுங்கள்.

ஹப் மறுதொடக்கம் ஆகும்போது சென்சார்களின் நிலை சற்று நேரம் "கிடைக்கவில்லை" என்று இருந்துவிட்டுத் திரும்பும். அந்தத் திரும்புதலை ஆள் வந்ததாக எடுத்துக்கொண்டு நள்ளிரவில் விளக்கு எரியும் வீடுகள் உண்டு. தூண்டுதலில் "இல்லை என்பதிலிருந்து இருக்கிறார் என்பதற்கு" என்று இரு முனைகளையும் குறிப்பிட்டுவிட்டால் இந்தப் பேய் ஓடிவிடும்.

படி 10: பேட்டரியும் கண்காணிப்பும்

பேட்டரி சதவீதத்தை நம்ப வேண்டாம். லித்தியம் காயின் செல் தன் ஆயுளின் பெரும்பகுதி 3 வோல்ட்டை ஒட்டியே நின்று, கடைசியில் சரேலென்று விழும். வோல்ட்டை வைத்துச் சதவீதம் கணக்கிடும் சென்சார் பல மாதம் 100 என்று காட்டிவிட்டு ஒரு வாரத்தில் செத்துப்போகும். குளிரிலும் வோல்ட் இறங்கும். குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் சென்சார் காட்டும் 40 சதவீதம் வெளியே எடுத்து வைத்தால் 70 ஆகலாம்.

கடைசியாக எப்போது பேசியது என்பதே நம்பகமான அடையாளம். ஜிக்பீ2எம்க்யூடிடியில் இதைக் காட்டும் அமைப்பை இயக்கி, அதிகபட்ச அறிக்கை இடைவெளியைப் போல மூன்று மடங்கு நேரம் சத்தமில்லை என்றால் உங்களுக்குச் செய்தி வரும்படி வையுங்கள். அதன் இணைப்புக் கண்காணிப்பைத் தனியாக இயக்கினாலும், இயல்பான அளவின்படி பேட்டரி சாதனம் 25 மணி நேரம் பேசாமல் இருந்தால்தான் "இணைப்பில் இல்லை" என்று குறிக்கும். அதுவரை திரையில் பழைய வெப்பநிலை உயிரோடு இருப்பது போலவே தெரியும். ஏசியை ஓட்டும் சென்சாருக்கு இது ஆபத்தானது. அந்த ஆட்டோமேஷனில், அளவீடு ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையது என்றால் ஏசியை அணைத்துவிடும் நிபந்தனையையும் சேருங்கள்.

ஏஏஏ செல் போடும் சென்சாரில் ரீசார்ஜ் செல் போட்டால், 1.2 வோல்ட் என்பதால் முதல் நாளிலிருந்தே "குறைவு" என்று காட்டலாம். வேலை செய்யுமா என்று கையேட்டைப் பாருங்கள். குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சுடன் வரும் காயின் செல்கள் சில சாதனங்களில் சரியாகத் தொடுவதில்லை. புது செல் போட்டும் உயிர் வரவில்லை என்றால் இதையும் சந்தேகியுங்கள். பூச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும், காயின் செல் விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும். கழற்றிய செல்லை மேசையில் விட்டு வைக்காதீர்கள்.

ஃபர்ம்வேர் (சென்சாரின் உள்மென்பொருள்) புதுப்பிப்பைப் புது பேட்டரி போட்ட கையோடு, ஒரு நேரத்தில் ஒரு சென்சாருக்கு மட்டும் செய்யுங்கள். தூங்கித் தூங்கி இறக்குவதால் ஒரு மணி நேரம்கூட எடுக்கும். நடுவில் பேட்டரி போனால் சில மாடல்கள் எழுந்திருக்காது.

பேட்டரி மாற்றினால் மீண்டும் இணைக்கத் தேவையில்லை. இணைப்பு விவரம் சென்சாரின் நினைவகத்தில் இருக்கும். பொத்தானை ஒரு முறை தட்டினால் சில விநாடியில் திரும்பிவிடும். ஆனால் சில மாடல்கள் உணர்திறன், காத்திருப்பு நேரம், அறிக்கை இடைவெளி ஆகியவற்றைக் கம்பெனி அமைப்புக்கே கொண்டுபோய்விடும். மாற்றிய அன்றே அந்தப் பக்கத்தைத் திறந்து, நீங்கள் வைத்த எண்கள் இன்னும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். இல்லை என்றால் பொத்தானைத் தட்டிவிட்டு, சென்சார் விழித்திருக்கும்போதே மறுபடி சேமித்துவிடலாம்.